குறுக்குத்தடியை ஒருவரும் தொடக்கூடாது

தோணியை மடித்துத் தோளில் வைத்துக்கொண்டு பிள்ளைப்பேறு பார்க்கப் போனவள் நான் என்றால், இப்போதைய மருத்துவமாதுப் பிள்ளைகள் ஒருத்தியை ஒருத்தி பார்த்துக் கண்ணைச் சிமிட்டுகிறார்கள். போன கிழமை ஸ்கூட்டர்களில் வந்து என் வீட்டு வாசலை நிறைத்தார்கள். தேத்தண்ணி குடித்து முடியும்வரை மரியாதையாக இருந்துவிட்டு, "அன்ரி, அந்தத் தோணிக் கதை மெய்யா, இல்லாட்டி வயசு போகப் போக வந்ததா?" என்று ஒருத்தி கேட்டாள். வாவிக்கு மேலே பாலம் வந்துவிட்டது. பாலத்தில் பறக்கிறவர்களுக்கு என் தோணி பொய்யாகத்தான் தெரியும். அதனால்தான் எழுதிவைக்கிறேன். வாசிக்கும்போது சிரிப்பு வந்தால் சிரித்துவிடுங்கள். எங்களுக்குச் சிரிக்கக்கூடாத இடத்தில் சிரிப்பு வந்து, அதை அடக்கப் பட்ட பாடு எங்களுக்குத்தான் தெரியும்.

பயிற்சியைப் பற்றிச் சொல்லப் பெரிதாக ஒன்றும் இல்லை. வெள்ளைச் சீலைக்குக் கஞ்சி போடவும், கையை முழங்கைவரை தேய்த்துக் கழுவவும், பயந்தாலும் முகத்தில் காட்டாமல் இருக்கவும் படிப்பித்தார்கள். முதல் இரண்டும் எனக்கு நன்றாக வந்தன. மூன்றாவது கடைசிவரை வரவில்லை.

அறுபதுகளின் தொடக்கத்தில் என்னை ஆரையம்பதியில் போட்டார்கள். ஊர் வாவிக்கு இந்தப் பக்கம். என் பொறுப்பில் இருந்த கர்ப்பிணிகளில் பாதிப் பேர் அந்தப் பக்கம். வாவியைக் கடந்தால் ஒரு நீட்டு வட்டை, கண்ணுக்கெட்டிய தூரம் வயல். வட்டைக்குள் நடந்து போனால் குறுக்கே ஒரு ஓடை. ஓடைக்கு அப்பால்தான் மருதடிச்சேனை. வாவியைக் கடக்க 'பாதை' இருந்தது. பாதை என்றால் றோட்டு அல்ல, ஆட்களையும் வண்டில்களையும் ஏற்றிப் போகும் பெரிய மிதவை. அது நிறைய ஆள் சேரும்வரை அசையாது. பிள்ளை பெறப்போகிறவள் காத்திருக்கமாட்டாள் என்று பாதைக்காரருக்குச் சொன்னால், "அவளயும் கூட்டிவாங்க, ஆள் நிறையும்" என்பார். அதைத் தாண்டிப் போனாலும் ஓடையில் தோணி கிடையாது. மருந்துப் பையைத் தலையில் வைத்துக்கொண்டு இறங்க வேண்டியதுதான். ஒருநாள் சேற்றில் சறுக்கி, தலையிலிருந்து கால்வரை களியோடு போய் நின்றேன். நோவில் கத்திக்கொண்டிருந்தவள் என்னைக் கண்டு சிரித்த சிரிப்பிலேயே பிள்ளை வந்துவிட்டது.

இதை என் மேற்பார்வை நேர்ஸ் மிஸ் ஞானரெத்தினத்திடம் சொன்னேன். மிஸ் சிரிக்கவில்லை. அவர் சிரித்து யாரும் கண்டதில்லை. கதவு நிலை இடிக்கும் உயரம், அதற்கேற்ற உடம்பு. ஞாயிற்றுக்கிழமைகளில் மெதடிஸ்த கோயிலில் ஆர்மோனியம் வாசிப்பார். எதையும் ஒரு தடவைதான் சொல்வார். சொல்லிவிட்டு, அது நம் மண்டைக்குள் இறங்குகிறதா என்று பார்த்துக்கொண்டிருப்பார். அந்தப் பார்வைக்குப் பயந்தே நான் பல வேலைகளைப் படித்துக்கொண்டேன்.

ஊர் ஊராகப் பரிசோதனைக்குப் போகும்போது மிஸ் தன் மடக்குக் கட்டிலையும் கொண்டுபோவார். ஒருநாள் என் நிலையத்தில் அதை விரிப்பதும் மடிப்பதுமாக நின்றார். கட்டில் உடைந்துவிட்டதாக்கும் என்று கிட்டப் போனேன்.

"ரெஜினா, கட்டில் மடியுமெண்டா தோணி ஏன் மடியாது?"

"கட்டில் தண்ணியில மிதக்கத் தேவையில்லையே, மிஸ்."

மிஸ் என்னைப் பார்த்தார். கட்டிலின் மறுபக்கத்தைப் பிடித்துக்கொண்டேன்.

மறுநாள் இரண்டு பேரும் பெரியகல்லாற்றுக்குப் பஸ் ஏறினோம். அங்கே கந்தவனம் ஓடாவி மீன்தோணிகள் கட்டிக்கொண்டிருந்தார். ஓடாவி என்றால் மரவேலைக்காரர், அவர் கை பட்ட தோணி அந்தக் கரை முழுக்க ஓடியது. மிஸ் விளங்கப்படுத்தி முடித்ததும் அவர் வெற்றிலையைத் துப்பிவிட்டு, "மிஸ்ஸம்மா, தோணி எண்டா விறைப்பா நிக்கிற சாமான். மடியிறது பாய்" என்றார்.

"அப்ப எனக்கு ஒரு பாய் கட்டித் தாங்க. அது மிதக்க வேணும்."

அந்த வார்த்தையில் ஓடாவிக்குப் பித்துப் பிடித்துவிட்டது. பெண்சாதி சோறு கொண்டுவந்து வைத்தாலும் திரும்பிப் பார்க்கமாட்டாராம். நடுவில் ஒரு அடிப்பலகை, இரு பக்கமும் இரண்டு மெல்லிய பலகை, மூன்றையும் இணைக்கத் தடித்த கன்வஸ். பலகைகள் புத்தக மட்டைபோல மூடித் திறக்கும். அதுவரை சரி. முன்னுக்கும் பின்னுக்கும் கன்வஸ் எப்படி மடியும் என்பதில்தான் இருவருக்கும் சண்டை. வாயால் சொல்லி அலுத்துப்போன மிஸ், கோயில் ஆர்மோனியத்தை மாட்டுவண்டிலில் ஏற்றிக்கொண்டுபோய் ஓடாவியின் கொட்டிலில் இறக்கி, அதன் துருத்தியைக் காட்டினார். "இந்தா, இப்பிடித்தான் மடிய வேணும்." ஓடாவி அதை அமத்திப் பார்த்தார், அது ஊளையிட்டது, அவர் மறுபடியும் அமத்தினார். அந்த ஞாயிறு கோயிலில் வாத்தியம் இல்லாமல் பாடினோம். போதகருக்குக் காரணம் சொல்ல ஒருவருக்கும் துணிவு வரவில்லை.

கன்வஸ் பழைய இராணுவக் கூடாரத்திலிருந்து வந்தது. வலைகளுக்குப் போடுகிற பனிச்சங்காய்ச் சாற்றில் அதை ஊறவைத்து, காய்ந்த பிறகு குங்கிலியமும் எண்ணெயும் காய்ச்சிப் பூசினார் ஓடாவி. தண்ணீர் ஒரு சொட்டு உள்ளே வராது. நாற்றம் மட்டும் எங்களைவிட்டுப் போகாது. அதற்குப் பிறகு நான் வருகிறேன் என்று வீட்டுக்காரர்களுக்கு நாய் குரைத்துச் சொல்லத் தேவையே இருக்கவில்லை.

வெள்ளோட்டத்துக்கு ஆரையம்பதி வாவிக்கரையில் ஊரே கூடிவிட்டது. கச்சான் கடலை விற்கிற மனிசனும் வந்திருந்தார். எங்கள் பெரிய டொக்டரும் வந்தார். இருக்கைப் பலகைகள் இரண்டும் முன்னுக்கும் பின்னுக்கும் இறுகி நிற்பதால் தோணி விரிந்தபடியே இருக்கும் என்பது ஓடாவியின் கணக்கு. முதலில் மிஸ் ஏறினார். குடையை விரித்துக்கொண்டு நடுவில் அமர்ந்தார். ஓடாவி தள்ளிவிட்டார். கொஞ்சத் தூரம் அழகாகப் போனது. பிறகு பக்கப் பலகைகள் இரண்டும் மெதுவாக, மிக மரியாதையாக, ஒன்றையொன்று பார்த்து வரத் தொடங்கின. தண்ணீர் வெளியிலிருந்து தள்ளுகிறது, நடுவில் தாங்க ஒன்றும் இல்லை. மிஸ் மறைந்துபோனார். குடை மட்டும் வெளியே தெரிந்தது.

கரை முழுக்கச் சிரித்தது. ஓடாவி மணலில் உருண்டார். டொக்டர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தார். நான் சீலைத் தலைப்பை வாய்க்குள் திணித்துக்கொண்டேன். இடுப்பளவு தண்ணீரில் எழுந்து நின்ற மிஸ்ஸின் முகத்தில் ஒரு கோடு அசையவில்லை.

"நடுவில ஒரு தடி வேணும்" என்றார்.

அப்படிப் பிறந்ததுதான் குறுக்குத்தடி. கருங்காலியில் செதுக்கிய, கைக்கடக்கமான தடி. பக்கப் பலகைகளின் உட்புறத்தில் ஆளுக்கொரு குழி, தடியின் முனைகள் அதற்குள் பொருந்தும். தோணி விரிவது அதனால், விரிந்து நிற்பதும் அதனால். டொக்டர் அனுமதி தந்தார், ஆனால் அரை மனதோடு. "இது பரீட்சைக்கு மட்டுந்தான், மிஸ். ஒரு தாய்க்கு இதில ஏதும் நடந்தா அண்டைக்கே இத அடுப்பு விறகாக்கிப்போடுவன்."

பிரசவ அறை ஒழுங்குபோலவே தோணிக்கும் ஒரு ஒழுங்கை மிஸ் வகுத்தார். சமதரையில் கிடத்து. கன்வஸ் பட்டிகளை அவிழ், முடிச்சை அறுக்காதே. முழங்காலை உள்ளே வைத்துப் பக்கங்களை விரி. பின் இருக்கை, பிறகு முன் இருக்கை. கடைசியாகத்தான் தடி, ஒரு முனையைக் குழியில் வைத்து, மற்ற முனையை உள்ளங்கையால் ஒரு தட்டு. 'டொக்' என்று கேட்க வேண்டும். கேட்காவிட்டால் ஏறாதே. மடிக்கும்போது தடிதான் முதலில் வெளியே. தோணியில் யார் ஏறினாலும், பெரிய மனிசனானாலும் பிள்ளைத்தாய்ச்சியானாலும், மிஸ் அதே வார்த்தையைச் சொல்வார்: "குறுக்குத்தடியை ஒருத்தரும் தொடப்படாது."

சொன்ன எங்கள் யோக்கியதையைக் கேளுங்கள். தண்ணீரில் இருக்கும்வரைதான் அந்தத் தடிக்கு மரியாதை. கரையேறினால் அது ஊன்றுகோல். வட்டைக்குள் துரத்துகிற நாய்க்கு விரட்டுகோல். நனைந்த சீலையைக் காயப்போடக் கொடி. போதாததற்கு நான் அதன் நடுவில் ஒரு கொளுக்கியைத் திருகி, பிள்ளை நிறுக்கிற தராசையும் அதிலே தொங்கவிட்டேன். ஒரு முனையை மிஸ் பிடிக்க, மறுமுனையை நான் பிடிக்க, நடுவில் தொட்டில்போல ஆடிக்கொண்டு பிள்ளை கத்தும். அந்தப் பக்கத்துத் தாய்மார் எல்லாருக்கும் அந்தத் தடி பழக்கம். முனை தேய்ந்துகொண்டு வருவதை நாங்கள் இருவருமே கவனிக்கவில்லை. 'டொக்' வரவர 'டக்' ஆகிப்போனதும் காதில் ஏறவில்லை.

இனி பூமணியின் கதைக்கு வருகிறேன்.

மருதடிச்சேனைப் பூமணிக்கு அதற்கு முன் இரண்டு பிள்ளைகள் பிறந்து, இரண்டும் தங்கவில்லை. மூன்றாவது தடவை வயிறு அளவுக்கு மீறிப் பெரிதாக இருந்தது. மார்கழி மழை அடைத்துப் பெய்து ஓய்ந்த ஒரு காலையில் நானும் மிஸ்ஸும் அவளைப் பார்க்கப் போனோம். போகும்போது வட்டைக்குள் முழங்காலளவு தண்ணீர். நாங்கள் போய்ச் சேரவும் அவளுக்கு நோவு தொடங்கவும் சரியாக இருந்தது. கூரை வளையில் கட்டித் தொங்கவிட்ட கயிற்றைத் தலைக்கு மேலே பிடித்து இழுத்து இழுத்து, வெயில் ஏறுவதற்கிடையில் ஒரு ஆண்பிள்ளையைப் பெற்றாள். பிள்ளை வீரிட்டு அழுதது. மாமியார் அதைத் துணியில் சுற்றி வாங்கிக்கொண்டு தானும் அழுதார்.

நான் பூமணியின் வயிற்றில் கை வைத்தேன். வயிறு வற்றவில்லை. ஒரு பக்கத்தில் உருண்டையாகத் தலை, மறுபக்கத்தில் குண்டி. இன்னொரு பிள்ளை. மிஸ்ஸைப் பார்த்தேன். மிஸ்ஸும் தடவிப் பார்த்தார்.

"குறுக்க கிடக்குது" என்றார் மெதுவாக.

குறுக்கே கிடக்கும் பிள்ளையை வீட்டில் பெறமுடியாது. பன்னீர்க்குடம் அப்படியே உடைந்தால் பிள்ளையின் கை முதலில் வந்துவிடும், பிறகு தாயும் இல்லை, பிள்ளையும் இல்லை. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும், உடனே. வெளியே பார்த்தால் குளம் ஒன்று நிரம்பி வான்பாய்ந்து ஓடையும் வட்டையும் ஒரே வெள்ளமாகிக் கிடந்தது. மீன்தோணி வந்தால் வரம்பில் தட்டி நின்றுவிடும். எங்கள் தோணிதான் சிரட்டைபோல மேலாக மிதக்கும். வெள்ளத்துக்கு அந்தப் பக்கம் உயர்ந்த கிறவல் றோட்டு இருந்தது, அதுவரை ஜீப் வரலாம். பூமணியின் கொழுந்தன் டொக்டருக்கு அறிவிக்க முன்கூட்டியே நீந்திப் போனான்.

பூமணி எழும்ப மறுத்தாள். "இந்த ஒண்டாவது தங்கியிரிக்கி. நான் இதுக்குப் பக்கத்திலயே கிடக்கிறன், மிஸ். என்னக் கொண்டு போகாதீங்க."

மாமியார் பிள்ளையை அவள் முகத்தோடு ஒருதரம் அணைத்துவிட்டு எடுத்தார். "இவன நான் பாக்கிறன். நீ மற்றதையும் கொண்டு கெதியா வா, போகா!"

எனக்கு உண்மையாகவே பயமாக இருந்தது. முகத்தில் அது நன்றாகத் தெரிந்திருக்கும், ஏனென்றால் மிஸ் என்னைப் பார்க்காமல் தோணியை விரிக்கத் தொடங்கினார்.

பூமணியின் தலை தோணியின் நடுப்பக்கமாகவும் கால்கள் முன்பக்கமாகவும் வரும்படி கிடத்தினோம். நான் அவள் காலடியில். மிஸ் பின்னால் சவள் துடுப்போடு. புருசன் தங்கவேல் தண்ணீரில் நின்று தோணியின் பின்பக்கத்தைப் பிடித்துத் தள்ளிக்கொண்டு வந்தான். சில இடத்தில் நடந்தான், சில இடத்தில் நீந்தினான். மிஸ் வழக்கமான வார்த்தையைச் சொன்னார், பூமணி தலையாட்டினாள்.

நடு வட்டைக்கு வந்ததும் அவளுக்குப் பெருநோவு எடுத்தது. காலையில் நோவு வந்தபோதெல்லாம் தலைக்கு மேலே கயிறு இருந்தது. இப்போதும் கை தானாகத் தலைக்கு மேலே போனது. அங்கே இருந்தது குறுக்குத்தடி. பாவம், அவளுக்குப் பழக்கமான தடி. இரண்டு கையாலும் பிடித்து, முழுப் பலத்தோடு இழுத்தாள்.

'டக்' என்று கழன்ற தடி அவள் கையிலிருந்து பறந்து தண்ணீரில் விழுந்தது.

பக்கப் பலகைகள் இரண்டும், வெள்ளோட்டத்து அன்றுபோலவே, மிக மரியாதையாக ஒன்றையொன்று பார்த்து வரத் தொடங்கின. நான் கத்தினேன். என்ன கத்தினேன் என்று ஞாபகமில்லை. மிஸ் சவளைப் போட்டுவிட்டு நடுவுக்குப் பாய்ந்தார். முதுகை ஒரு பக்கப் பலகையில் சாத்தி, இரண்டு காலையும் மறுபக்கப் பலகையில் ஊன்றி, ஒரு மூச்சுப் பிடித்து நிமிர்ந்தார். பலகைகள் நின்றன. பிறகு மெல்ல மெல்லப் பழைய இடத்துக்குப் போயின. கதவு நிலை இடிக்கும் அந்த உயரத்துக்காக அன்று நான் கடவுளுக்கு நன்றி சொன்னேன்.

அடுத்த நோவு வந்தது. பூமணியின் கை மறுபடியும் தலைக்கு மேலே தேடியது. கிடைத்தது மிஸ்ஸின் கணுக்கால். தொட்டதும், செய்யக்கூடாததைச் செய்தவள்போலக் கையை எடுத்துக்கொண்டாள்.

"பிடி புள்ள" என்றார் மிஸ். "நல்லா இறுக்கிப் பிடி. இந்தத் தடி கழராது."

நோவு அடங்கியதும் அவள் வயிற்றில் மறுபடி கை வைத்தேன். பக்கத்தில் இருந்த தலையைக் காணவில்லை. கீழே தேடினேன். தோணி குலுங்கியதிலோ, அவள் உதைத்து நெளிந்ததிலோ, அதுவாகவேதானோ, எனக்குத் தெரியாது.

"மிஸ், கிறுகிற்று! தலை கீழ வந்திற்று! நேரா நிக்கிது!"

"நல்லாப் பாத்துச் சொல்லு" என்றார் மிஸ். அவரால் கழுத்தைத் திருப்ப முடியவில்லை, வானத்தைப் பார்த்துக்கொண்டு கிடந்தார். "தொப்புள்கொடி முன்னுக்கு வருதா?"

"இல்ல மிஸ்."

பன்னீர்க்குடம் உடைந்தது. அதற்குப் பிறகு ஆஸ்பத்திரிக்காகக் காத்திருக்கப் பிள்ளைக்கு மனமில்லை. மிஸ் வானத்தைப் பார்த்துக் கட்டளை சொல்ல, நான் முழங்காலில் நின்று செய்ய, பூமணி கணுக்காலை நெரிக்க, வழுக்கிக்கொண்டு என் கைக்குள் வந்து விழுந்தது ஒரு பெண்பிள்ளை. வாயைத் துடைத்துவிட்டேன். முதுகைத் தேய்த்தேன். பிறகு வட்டை அதிரக் கத்தியது.

பின்னால் தண்ணீருக்குள் இருந்து தங்கவேல், "என்ன சத்தம் மிஸ்ஸம்மா? என்ன சத்தம்?" என்று கேட்டான்.

"பொம்புளப் புள்ள!" என்றேன்.

தோணி நின்றுவிட்டது. தங்கவேல் கழுத்தளவு தண்ணீரில் கையைத் தூக்கிக்கொண்டு நின்றான். செய்தி சொல்ல அந்த வெள்ளக்காட்டில் ஒருவரும் இல்லை. தூரத்தில் ஒரு மேட்டில் எருமைகள் மட்டும் நின்றன. அவற்றைப் பார்த்துத் தொண்டை கிழியக் கத்தினான்: "எனக்கு இரட்டப் புள்ளடா! கேட்டதா? இரட்டப் புள்ள!"

ஒரு எருமை "ம்மா" என்றது.

அவ்வளவுதான். பயமெல்லாம் சிரிப்பாக மாறி என் வாயால் கொட்டியது. பூமணிக்கும் தொற்றிக்கொண்டது, "சிரிக்கேலாது நேர்ஸம்மா, நோகுது" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். பிள்ளை கத்தியது. தோணி கிடுகிடுவென்று ஆடியது.

"சிரிக்கப்படாது!" என்றார் மிஸ். குரல் ஒரு மாதிரியாக இருந்தது. எட்டிப் பார்த்தேன். உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தார். வயிறு குலுங்கியது. கண்ணிலிருந்து தண்ணீர் காதுக்குள் ஓடியது. "ரெஜினா, நிப்பாட்டு. நான் சிரிச்சனெண்டா கால் கழண்டிரும்."

"சிரியாதீங்க மிஸ்! கெஞ்சிக் கேக்கிறன், சிரியாதீங்க!"

என் உத்தியோக காலத்தில் மேலதிகாரிக்கு நான் போட்ட ஒரே கட்டளை அதுதான். மிஸ் அதற்குக் கீழ்ப்படிந்தார். மிதந்துவந்த தடியைத் தங்கவேல் எட்டிப் பிடித்தான். அதைத் திரும்பப் பொருத்துவதென்றால் மிஸ் காலை எடுக்க வேண்டும், எடுத்தால் தோணி மூடிவிடும். ஆகவே தடி அவன் கழுத்துக்குப் பின்னால் செருகியபடி வந்தது, மிஸ் தடியாக வந்தார். நஞ்சுக்கொடியும் ஒழுங்காக விழுந்து, இரத்தமும் அளவோடு நின்றபோது கிறவல் றோட்டு கிட்ட வந்துவிட்டது.

டொக்டர் ஜீப்போடு நின்றார். தண்ணீருக்குள் இறங்கி வந்து, முதலில் பிள்ளையை வாங்கினார், பூமணியின் நாடியைப் பிடித்தார், கண்ணிமையைப் பார்த்தார். அவர் முகத்திலிருந்து கலக்கம் இறங்குவதை நான் கண்டேன். சாரதியும் தங்கவேலும் பூமணியைத் தூக்க வந்தார்கள். அவள் கணுக்காலை விடவில்லை.

"விடுகா பூமணி, கரை வந்திற்று" என்றார் மிஸ்.

"நீங்களும் வாங்க மிஸ்."

"நான் எழும்பினாத் தோணி மடிஞ்சிரும்."

"மடியட்டும் மிஸ். நாங்க எல்லாரும் வந்து சேந்திற்றம்தானே."

அப்போதுதான் விட்டாள். கணுக்காலில் அவளுடைய விரல்கள் சிவப்பாகப் பதிந்திருந்தன. அவளைத் தூக்கிக்கொண்டு றோட்டுக்கு ஏறினார்கள், டொக்டரும் பிள்ளையோடு முன்னால் போனார். நான் பையைப் பொறுக்கிக்கொண்டு இறங்கினேன். மிஸ் பெரிதாக ஒரு மூச்சு விட்டார். காலைத் தளர்த்தினார்.

பக்கப் பலகைகள் மெதுவாக, மிக மரியாதையாக வந்து, மிஸ்ஸின் மேல் மூடிக்கொண்டன.

உள்ளே இருந்து ஒரு சத்தம் வந்தது. முதலில் ஆர்மோனியத் துருத்தியை அமத்தியதுபோல ஒரு ஊளை. பிறகு அது உருண்டு திரண்டு பெருஞ்சிரிப்பாக வெடித்தது. நிற்கிறதாக இல்லை. மடிந்த தோணி கரையோரத் தண்ணீரில் குலுங்கிக் குலுங்கி ஆடியது. டொக்டர் திடுக்கிட்டுத் திரும்பினார். அந்தச் சிரிப்பை அவர் அதற்கு முன் கேட்டதே இல்லை.

"உள்ளுக்க ஆர் அது?" என்றார்.

"குறுக்குத்தடி, டொக்டர்" என்றேன்.